கஜா காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது?

நெல்லுக்கு மேலுரம் எப்போது போடலாம் என்று பார்ப்பதற்கு ஓர் அட்டை இருக்கிறது. இலை வண்ண அட்டை என்று பெயர். கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பட்டை. வெளிர்பச்சையில் தொடங்கி கரும்பச்சை வரை வரிசையாகக் கட்டங்கள். வயலில் இறங்கி, நன்றாக விரிந்த உச்சி இலை ஒன்றைப் பிடித்து, அதன் நடுப்பாகத்தைக் கட்டத்தின் மேல் வைத்து எந்தப் பச்சையோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். இப்படிப் பத்துக் குத்துகளில் பார்த்து, ஆறு இலைகளாவது குறித்த எண்ணுக்குக் கீழே இருந்தால் யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அட்டையைப் பார்க்கச் சொல்லும் முறைதான். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் பார்க்க வேண்டும். வெயில் இலைமேல் நேராகப் படக்கூடாது, உங்கள் உடம்பின் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வயலைக் கடைசிவரை ஒரே ஆள்தான் பார்த்து வர வேண்டும். இந்த வாரம் அப்பா, அடுத்த வாரம் சித்தப்பா என்று ஆள் மாறக்கூடாது. நாம் பார்க்கிற பச்சையில் இலைக்குப் பாதிப் பங்குதான், மீதி வெயிலுக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் சேர வேண்டியது என்பதை ஒரு வேளாண் கருவி இவ்வளவு வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, அதற்கேற்ப விதியும் வைத்திருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

எங்கள் வீட்டு வயலிலேயே இதைப் பார்த்தேன். அப்பா வயலும் சித்தப்பா வயலும் அடுத்தடுத்து, நடுவே ஒரு வரப்பு. சம்பா நட்டு ஒரு மாதம் இருக்கும். சித்தப்பா கிழக்கு முகமாக நின்றுகொண்டு, "பயிரு வெளுத்துப் போச்சுண்ணே, உரம் காணல" என்றார். எதிர் வரப்பில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்ற அப்பா, "என்னடா வெளுத்திருக்கு, கருகருன்னு இருக்கு" என்றார். இருவரும் நாற்பது வருஷமாக இதே மண்ணில் நிற்பவர்கள். கண்ணில் குறை கிடையாது. காலை வெயிலைப் பார்த்து நின்றால் வெளிச்சம் இலையை ஊடுருவிக்கொண்டு வருகிறது, மஞ்சள் கலந்த பச்சை தெரிகிறது. வெயிலை முதுகில் வாங்கி நின்றால் இலையின் மேல்தோலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், பச்சை ஆழமாகத் தெரிகிறது. சித்தப்பாவை இந்தப் பக்கம் வரச்சொல்லி, அப்பா தன் நிழலில் இலையைப் பிடித்து அட்டையோடு சேர்த்து வைத்தார். இருவரும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்கள். "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல" என்றார் சித்தப்பா. அப்பா தலையாட்டினார்.

2015 பிப்ரவரியில் உலகமே ஓர் ஆடையின் படத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டது நினைவிருக்கும். ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணத்துக்காக வாங்கிய ஆடை. சிலருக்கு வெள்ளையும் தங்கமும், சிலருக்கு நீலமும் கருப்பும். கடையில் இருந்த ஆடை நீலமும் கருப்பும்தான். அந்தப் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாக இல்லை. அதனால் மூளை தானாக ஒரு வெளிச்சத்தை வைத்துக்கொள்கிறது. நிழலில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் நீலச் சாயலைக் கழித்துவிட்டு வெள்ளையைக் காட்டும். விளக்கொளியில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் மஞ்சளைக் கழித்து நீலத்தைக் காட்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் வாலிஷ் என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டு 2017-இல் எழுதிய கட்டுரையில் ஒரு தகவல் வருகிறது. விடியற்காலையில் எழுந்து பகல் வெளிச்சத்திலேயே பெரும்பொழுது இருப்பவர்களுக்கு வெள்ளையாகத் தெரிய வாய்ப்பு அதிகம், இரவில் வெகுநேரம் விழித்திருப்பவர்களுக்கு நீலமாகத் தெரிய வாய்ப்பு அதிகம். ஆயுள் முழுக்க எந்த வெளிச்சத்தில் வாழ்ந்தோமோ, அதைத்தான் மூளை தெரியாத இடத்திலும் ஊற்றிப் பார்க்கிறது. அந்தக் கணக்கு உள்ளே நடப்பது நமக்குத் தெரிவதே இல்லை. முடிவு மட்டும் "என் கண்ணால் பார்த்தேன்" என்று வெளியே வருகிறது.

இந்த இடத்தில் நிறையப் பேர் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அப்படியென்றால் அவரவர் பார்வை அவரவருக்கு, உண்மை என்று பொதுவாக ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள் என்று. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து என்று ஒன்று இருக்கிறது. அளவுக்கு மேல் யூரியா போட்டால் இலைச்சுருட்டுப் புழு வரும், கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாயும். நாம் எந்தப் பச்சையைப் பார்த்தோம் என்று பயிர் கேட்டுக்கொண்டிருக்காது. ஆளுக்கு ஒரு விதமாகத் தெரிகிறது என்பதும் உண்மை. தெரிகிற பொருள் ஒன்றுதான் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது கஷ்டம். ஆனால் நான்கு பேர் சேர்ந்து வாழ்வதற்கு அதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தது கஜா புயல்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் அது வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் படுத்ததை அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றைக்கும் பேசினால் குரல் மாறும். எங்கள் ஊர் புயல் போன பாதைக்குக் கொஞ்சம் வடக்கே. அத்தையைக் கொடுத்திருக்கும் ஊர் தெற்கே, கடல் பக்கம், புயலின் பாதையிலேயே. பிறகு ஒரு கருமாதி வீட்டில் எல்லோரும் கூடியபோது பேச்சு கஜாவுக்குப் போனது. அந்த வருஷங்களில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

"ராத்திரி பூரா கொண்டல்தான். கெழக்கேர்ந்து ஒரே மூச்சா அடிச்சுது" என்றார் அப்பா.

அத்தை மறுத்தார். "இல்லண்ணே. மொதல்ல வாடை. வடக்கேர்ந்துதான் வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. நின்ன பெறகு தெக்கேர்ந்து வந்துச்சு பாருங்க, அதுலதான் ஓடெல்லாம் போனது."

"காத்து எங்கம்மா நின்னுச்சு? ஒரு நிமிஷம் நின்னுச்சா? நீ பயத்துல சொல்ற."

"நின்னுச்சுண்ணே! இவங்க வெளில போயி டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு வந்தாங்க. கொட்டாய்ல கெடந்த மாட்ட அவுத்து உள்ள கட்டுனோம். எலை அசங்கல. சத்தமே இல்ல. நின்னதுதான் பயமா இருந்துச்சு."

அப்பா நம்பவில்லை. தங்கை பொய் சொல்வார் என்று அவர் நினைக்கவில்லை, அன்றிரவு மனசு கலங்கிப்போய் ஏதோ தோன்றியிருக்கிறது என்று நினைத்தார். அத்தைக்கு அது வலித்தது. பொய் என்று சொன்னாலாவது சண்டை போடலாம். உனக்கு அப்படித் தோன்றியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் பதில் சொல்ல வழியே இல்லை.

நம் பக்கத்துப் புயல்கள் எல்லாம் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. கிழக்கிலிருந்து மேற்கே நகரும் புயலின் நேர்ப்பாதையில் இருக்கும் ஊருக்கு முதலில் வடக்குக் காற்று வரும். கண் மேலே வரும்போது காற்று அடங்கும். கண் தாண்டியதும் அதே வேகத்தில் தெற்கிலிருந்து அடிக்கும். பாதைக்கு வடக்கே இருக்கும் ஊருக்கு வடகிழக்கில் தொடங்கி, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பிக்கொண்டே போகும், நடுவில் நிற்காது. பாதைக்குத் தெற்கே இருப்பவரைக் கேட்டால் மேற்குக் காற்று என்பார். ஒரே இரவு, ஒரே புயல். மூன்று ஊர்க்காரர்கள் மூன்று திசையைச் சொல்லலாம், மூன்றும் சரியாக இருக்கலாம்.

அத்தை வீட்டுத் தோப்புக்குப் புயல் முடிந்த சில நாட்களில் நான் போயிருந்தேன். எங்கள் கொல்லையில் விழுந்த மரங்கள் எல்லாம் மேற்கே தலைவைத்துக் கிடந்தன, ஒருத்தர் அடுக்கி வைத்த மாதிரி. அத்தை தோப்பில் மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்ததால் உள்ளே நடக்கவே முடியவில்லை. குனிந்து பார்த்தால் அடியில் கிடந்தவை தெற்கே தலைவைத்திருந்தன. அவற்றின் மேல் விழுந்தவை வடக்கே தலைவைத்திருந்தன. முதலில் விழுந்தது எது, பிறகு விழுந்தது எது, எந்தக் காற்றில் எது போனது என்பதெல்லாம் அந்தத் தோப்பிலேயே எழுதியிருந்தது. அன்று எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பின்னால் புயலின் சுழற்சியைப் படித்தபோதுதான் அந்தத் தோப்பு கண்முன் வந்தது. அப்பாவிடம் தாளில் வரைந்து காட்டினேன். சுழிக்கு நடுவே ஒரு புள்ளி வைத்து, இது அத்தை வீடு, மேலே இது நம் வீடு என்று. நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டு, வேறு என்னென்னவோ பேசிவிட்டு, நடுவே மெதுவாக, "அன்னிக்கி காத்து எவ்வளவு நேரம்மா நின்னுருக்கும்?" என்று கேட்டார்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அப்பாவின் சாட்சியம் மட்டும் இருந்தால் நமக்குக் கிடைப்பது ஒரு கிழக்குக் காற்று. அத்தையுடையது மட்டும் இருந்தால் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு காற்று. இரண்டையும், சொன்னவர் எங்கே நின்று சொன்னார் என்பதோடு சேர்த்து வைத்தால்தான் புயல் கிடைக்கிறது. ஒருவருடையதைத் தள்ளிவிட்டால் மற்றவருக்கு வெற்றி கிடைக்கலாம், புயல் கிடைக்காது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து வடகிழக்கு என்று வைத்துக்கொண்டால் அது இன்னும் மோசம்.

ஆனால் எல்லோரும் ஒத்துப்போய்விட்டால் அது உண்மை என்று எடுத்துக்கொள்வதிலும் ஆபத்து இருக்கிறது. துருக்கியில் பிறந்த முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 1935-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. கும்மிருட்டு அறை. தூரத்தில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி. அது அசையாது. ஆனால் சுற்றிலும் வேறு எதுவும் தெரியாத இருட்டில் அசையாத புள்ளியும் அசைவதுபோலத் தெரியும், எல்லோருக்கும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டார். தனித்தனியாகக் கேட்டபோது ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். பிறகு இரண்டு மூன்று பேரை ஒன்றாக உட்காரவைத்து, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும்படி கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருடைய அளவும் நெருங்கி வந்து ஒன்றாகிவிட்டது. பின்னர் தனியாக உட்காரவைத்துக் கேட்டாலும் கூட்டத்தில் ஒத்துக்கொண்ட அளவையே சொன்னார்கள். 1961-இல் ஜேக்கப்ஸ், கேம்ப்பெல் என்ற இருவர் இதை இன்னும் நீட்டித்துப் பார்த்தார்கள். வேண்டுமென்றே மிகையாகச் சொல்லும் ஆட்களைக் கூட்டத்தில் கலந்துவிட்டு, பிறகு பழைய ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துவிட்டுப் புது ஆட்களைச் சேர்த்தார்கள். மிகைப்படுத்திச் சொன்னவர்கள் அத்தனை பேரும் போன பிறகும், அவர்களைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் சில தலைமுறைக்கு அந்த மிகையைத் தாங்களே பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் 1977 நவம்பர் 12 புயலைப் பற்றிய கதை ஒன்று உண்டு. வாசல் நிலையின் மேல்கட்டை வரை தண்ணீர் நின்றது என்பார்கள். மாமாக்கள் சொல்வார்கள், அவர்கள் பிள்ளைகள் சொல்வார்கள், அந்த வருஷம் பிறந்தே இராத பெரியம்மா மகன் கையை உயர்த்திக் காட்டியே சொல்வான். ஆயா மட்டும், "இடுப்புக்கு இருக்கும்டா" என்பார். வயசாகிவிட்டது, மறந்திருக்கும் என்று விட்டுவிடுவோம். பழைய வீட்டைப் பிரித்தபோது உள்ளறைப் பத்தாயத்தை வெளியே எடுத்தார்கள். அதன் பலகையில் தண்ணீர் நின்ற கறை கோடு போட்டதுபோல இருந்தது, இரண்டாவது அடுக்கின் பாதிவரை. கட்டை குட்டையான மனுஷியான ஆயாவின் இடுப்பளவு. அதைப் பார்த்த பிறகும் மாமாக்கள் கதையை மாற்றிக்கொள்ளவில்லை. கறை வேறு வெள்ளத்தினுடையது என்கிறார்கள். நிலைக்கட்டை வரை தண்ணீர் என்பது அந்தக் குடும்பம் சேர்ந்து பிழைத்த கதை. அதைத் தொட்டால் பிழைத்ததையே தொட்டதுபோல. அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆயா பக்கம்தான் நான்.

கீழத்தஞ்சையில் பிறந்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவான உண்மை என்று எழுதும்போது வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலியாக நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தலித் மக்கள். 1970-இல் கீழ்நீதிமன்றம் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட ஒரு காரணத்தை அதன்பிறகு எத்தனையோ பேர் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு நிலபுலன் உள்ள பணக்காரர்கள், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே அந்த இடத்துக்கு நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருள்பட அது இருந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் நான் அந்த "நம்புவது கடினம்" என்ற இடத்தில் நின்றுவிடுகிறேன். யாருக்குக் கடினம்? உயிர் தப்பியவர்களுக்கு அதில் நம்புவதற்கு எதுவும் இல்லை, பார்த்திருந்தார்கள். ஒரு மிராசுதார் எப்படி நடந்துகொள்வார், எதைத் தன் கையால் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்று ஒரு சித்திரம் தீர்ப்பு எழுதிய மனசில் முன்பே இருந்திருக்கிறது. தெரியாத இடத்தில் அந்தச் சித்திரம் வெளிச்சம்போல வந்து விழுந்திருக்கிறது. ஆடையின் நிறத்தில் இப்படி நடந்தால் ஒரு வாரம் பேசிவிட்டு மறந்துவிடலாம். இங்கே 44 உயிர்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் டிசம்பர் 25 அரைப்பரீட்சை விடுமுறையில் வரும். எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு பேச்சும் இருக்காது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலனிப் பையன் வீட்டில் காலையிலேயே குளித்துக் கிளம்பி, வேன் பிடித்து வெண்மணி நினைவிடத்துக்குப் போவார்கள். ஒரே தாலுகா, ஒரே வாத்தியார், ஒரே வரலாற்றுப் புத்தகம். எங்கள் இருவருக்கும் அந்தத் தேதி ஒன்றாக இருக்கவில்லை. "ஊரே சொல்லுது" என்கிற பேச்சைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு உடனே அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான். அந்த ஊரில் அவன் தெரு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு கேட்பேன்.

சரி, நம்பிக்கை இல்லாத இருவர், ஏன், பகையாளிகளே கூட, ஓர் உண்மையைப் பொதுவாக வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். காவிரியிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. 1990-இல் நடுவர் மன்றம் அமைத்து, 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்து, கர்நாடகம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. விட வேண்டும் என்றானது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 2018-இல் உச்சநீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். இவற்றை எங்கே நின்று அளப்பது என்பதும் அதே அளவு முக்கியம். மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. அங்கே வருவதுதான் கணக்கு. எவ்வளவு விட வேண்டும், மழை குறைந்த வருஷத்தில் எப்படிப் பங்கிடுவது என்றெல்லாம் இரு மாநிலமும் தொண்டை கிழியக் கத்துகின்றன. அந்த வாதம் முழுவதும் நடப்பது அந்த ஓர் அளவின் மேல் நின்றுகொண்டுதான். உன் அணையில் நீ அளந்தது, என் அணையில் நான் அளந்தது என்று இருந்திருந்தால் வாதாடக்கூட முடிந்திருக்காது.

அளவு என்று ஒன்று வந்துவிட்டால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. கருவி யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்த வருஷங்களில் தளர்த்துவார்கள். விவசாயி கையளவு நெல்லை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து ஊதி, ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். பட்டென்று உடைந்தால் காய்ந்திருக்கிறது. நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். கடித்தவர் காய்ந்துவிட்டது என்பார், மீட்டர் 19 என்று காட்டும். கைக்கருவிகள் பெரும்பாலும் நெல்லின் மின்தன்மையை அளந்து அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடுபவை. குவியலின் மேல்நெல்லைப் போட்டால் ஓர் எண் வரும், அடியில் கைவிட்டு எடுத்துப் போட்டால் வேறு எண் வரும். பல் அளப்பது அந்த ஒரு மணியை. இரண்டிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் மீட்டரின் முகம் அளப்பவர் பக்கமே திரும்பியிருந்தால், எண்ணை அவர் வாயால் மட்டுமே கேட்க முடிந்தால், அது சரியாகவே இருந்தாலும் விவசாயிக்கு அது தீர்ப்பாகத்தான் படும். இருவரும் பார்க்கும்படி மேசையில் வைத்து, எங்கிருந்து நெல் எடுப்பது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்தால் அதே 19-ஐ மனசு ஏற்றுக்கொள்ளும். தார்ப்பாயை விரித்து இன்னொரு வெயில் காயவைக்கப் போவார், சபித்துக்கொண்டு போகமாட்டார்.

எங்கள் வாய்க்கால் கதையும் இதுதான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் தண்ணீரில் வெண்ணாற்றுப் பங்கு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, அதற்கும் கீழே எத்தனையோ மதகு தாண்டி எங்களுக்கு வர வேண்டும். டி.வி.யில் வினாடிக்கு 10,000 கன அடி என்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த அளவில் ஒரு நாள் முழுக்க விட்டாலும் ஒரு டி.எம்.சி. நிறையாது என்பது கேட்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் கிளை வாய்க்காலின் தலைமடையில் இருப்பவர்கள் கரையைத் தொட்டு ஓடும் தண்ணீரை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். கடைமடைக்காரர்கள் வெடித்துக் கிடக்கும் வயலை வீடியோ எடுத்துப் போடுவார்கள். இவர்கள் போட்டது போன வருஷ வீடியோ என்று அவர்கள் சொல்வார்கள், அவர்கள் போட்டதுதான் பழசு என்று இவர்கள் சொல்வார்கள். ஒரு வருஷம் இது முற்றி, திருவிழாவில் சேர்ந்து உட்கார முடியாத அளவுக்குப் போனது. தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று கீழே இருந்தவர்கள் நம்பினார்கள். உழவே செய்யாமல் நிவாரணத்துக்காகக் கத்துகிறார்கள் என்று மேலே இருந்தவர்கள் நம்பினார்கள்.

அந்தச் சமயத்தில் பெரியவர் ஒருவர் சொன்னது எளிமையான யோசனை. இரண்டு பக்கத்திலும் நாலு நாலு பேர் வாருங்கள், கடைமடையிலிருந்து தலைமடை வரை கரையோடு நடப்போம், வழியில் யாரும் பேச வேண்டாம், பார்த்துக்கொண்டு மட்டும் வாருங்கள் என்றார். நானும் போனேன். கீழே கணுக்கால் நனையவில்லை. காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. மேலே போகப் போகச் சேறு, பிறகு ஈரம், பிறகு தேங்கிய தண்ணீர். நடுவழியில் புதிதாக உயர்த்திப் போட்ட தார்ச்சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம். சாலைக்கு மேற்கே தண்ணீர் முழங்கால் அளவு. கிழக்கே குழாயின் வாயிலிருந்து விரல் பருமனுக்கு வழிந்துகொண்டிருந்தது. தலைமடைக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழக்குப் பக்கம் இறங்கி, குழாயின் அடியில் கையை விட்டுப் பார்த்தார். குழாய் தரையில் உட்காரவில்லை. சாலையை உயர்த்தியபோது குழாயையும் சேர்த்து உயர்த்திப் பதித்திருக்கிறார்கள். மேற்கே அந்த மட்டத்துக்குத் தண்ணீர் ஏறும்வரை கிழக்கே ஒரு சொட்டும் போகாது. ஏறிவிட்டால் மேலே உள்ளவர்கள் வயல் மூழ்கும் என்று மதகை இறக்கிவிடுவார்கள். மேலே நின்றவர் பார்த்த வெள்ளமும் நிஜம், கீழே நின்றவர் பார்த்த வெடிப்பும் நிஜம். இரண்டையும் உண்டாக்கியது அந்தக் குழாய்.

அன்றைக்கே வாட்ஸ்அப் சண்டை நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். பேச்சு மாறியது. யார் பொய் சொல்கிறார்கள் என்ற பேச்சு போய், குழாயை எவ்வளவு இறக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. அதிலும் இவர்கள் இரண்டடி என்றார்கள், அவர்கள் ஓரடி போதும் என்றார்கள். டேப் கொண்டுவந்து இரு பக்கத்தாரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அளந்தோம். வாய்க்கால் தரையிலிருந்து குழாயின் அடிவரை ஒன்றேகால் அடி. அதை எழுதி, எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். ஆறு காய்ந்திருக்கும் மாதங்களில்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். சித்திரைக்குள் முடித்துவிட்டால் வரும் குறுவைக்கு ஆகும்.